பதினைந்தாவது சீட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம், நலம் என்றால் அவளுடைய முழங்கால் வலியையும் என் கண்ணாடியின் புது நம்பரையும் கழித்துக்கொண்டு மீதியெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், குட்டிக்குச் சளி விட்டதா என்று கேட்டு எழுதும்படி அம்மா நாலு தடவை சொல்லிவிட்டாள், இதோ கேட்டுவிட்டேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று உறையைப் பார்த்ததும் நீ பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிறு முயன்று பார்த்தேன், மூன்று தடவையும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு, நீ பதில் சொல்வதற்குள் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்கு வானிலை ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்கா என்று நீ அவளிடம் கேட்டுச் சிரித்தாயாம். சிரிக்கிற விஷயம் இல்லை கண்ணு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் உன் விருப்பப் பாடம் நடக்காமல் போனதற்குக் காரணம் உன் சிநேகிதி பட்டன் இல்லை, நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலிலேயே எழுதிவிட்டேன், கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் வீட்டுச் செய்தியை எழுதியே தாளை நிரப்பிவிடுவேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

வீட்டுச் செய்தி என்றும் பெரிதாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் வந்து வாஷர் மாற்றி டீயும் குடித்துவிட்டுப் போன மறுநாளே பழையபடி ஆரம்பித்துவிட்டது. மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்திருக்கிறோம், அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள், ஆனால் யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் சட்டென்று கையை எடுத்துவிடுகிறாள். போன மாதம் நீ அம்மாவிடம் சொன்னதையும் அவள் எனக்குச் சொன்னாள். உன் விதைக் கம்பெனியில் உன்னோடு பரிசோதனை அறையில் இருக்கும் ஐந்து பேர் சேர்ந்து சொந்தமாக மண்ணும் விதையும் பார்க்கும் ஒரு சோதனைக்கூடம் தொடங்கப் போகிறார்களாம், நீதான் தலைமையாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்களாம், நீ முடியாது என்று சொல்லிவிட்டாயாம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, சேர்றேன்னு சொல்றவங்க கடைசி நாள்ல சேர மாட்டாங்கம்மா, அதெல்லாம் நான் பதினாறு வயசுலயே பார்த்துட்டேன் என்றாயாம். அம்மா அதைச் சொல்லும்போது நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியை எடுக்க மறந்து காலர் கருகிவிட்டது. அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

நடந்தது பாதி உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை எல்லாரும் கீழ்த்தளத்தில்தான். மேல்தளத்து ஆய்வகங்களுக்குள் வருவது பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் விருப்பப் பாடம் எடுப்பவர்கள் மட்டும். மண்ணும் நீரும், தாவர அறிவியல், வானியல், உணவு அறிவியல், மின்னணுவியல் என்று ஐந்து. புதன் மதியமும் வெள்ளி மதியமும் வகுப்பு. கையகலச் சீட்டில் பெயரை எழுதி, எது முதல் விருப்பம், எது இரண்டாவது என்று கட்டத்தில் எண் போட்டு, அடியில் வீட்டுப் பெரியவர்களின் கையெழுத்தை வாங்கிப் பெட்டியில் போட வேண்டும். ஒரு பாடத்தை முதல் விருப்பமாகப் பதினைந்து பேராவது கேட்டால்தான் அது நடக்கும், ஒன்று குறைந்தாலும் கிடையாது, எல்லாரையும் அவரவர் இரண்டாவது விருப்பத்தில் தள்ளிவிடுவார்கள். மின்னணுவியலுக்கு அதுவரை ஆறு பேர், ஏழு பேர் என்றுதான் வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் நீ ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினாய். தேர்தலுக்கு நிற்பவர்கள்கூட அப்படி அலைந்திருக்க மாட்டார்கள். பதினாலு பெண்களின் பெயரை அந்த நோட்டில் எழுதி வாங்கினாய், உன்னோடு பதினைந்து. பதினாலாவது பெயர் பட்டனுடையது. உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சனிக்கிழமை ஆனால் நம் வீட்டில்தான் சாப்பிட்டு, என்னையும் அப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த தையல்காரர் மகள், நீ வைத்த பெயர்தான் அவளுக்குப் பட்டன். வயர் புடிச்சு ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது, பேசாம சாப்பாட்டு சயின்ஸ எடு என்று அவள் அப்பா கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தார். கடைசி நாளுக்கு முந்தின மதியம் உணவு அறிவியல் டீச்சர் அறை வாசலில் அவள் அழுதுகொண்டு நின்றதை நீ பார்த்தாய். மறுநாள் காலையில், போட்டுட்டேண்டி என்று ஓடிவந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று நீதான் வந்து சொன்னாய்.

மேல்தளத்து மின்னணு அறைக்கு அட்டெண்டர் நான். நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், என்ன வேலை என்று தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நான் வேறு ஆள் இல்லையா? தெருவில் யார் வீட்டு ரேடியோ நின்றாலும் நம் வீட்டுக்குத்தான் வரும், சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்துப் போட்டு நாம் இரண்டு பேரும் உட்காருவோம், நீ சால்டரிங் கம்பியைப் பிடித்துக்கொள்வாய், அம்மா புகை வாடை தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டுத் திட்டுவாள். அறைக்குள் போனால் அந்த ஆள் இல்லை. அப்போது மின்னணுவியலுக்கு இருந்தவர் நீங்கள் எல்லாம் ஃபியூஸ் சார் என்று கூப்பிட்டவர், எதற்கென்று தெரியாமல் வெடிக்கிறவர். பாடம் நடக்கிறதோ இல்லையோ, ஏழு பேரை வைத்துக்கொண்டாவது சனிக்கிழமை காலையில் சோதனைகள் செய்துகாட்டுவார். நீங்கள் சீட்டுப் போடுவதற்கு முந்தின சனிக்கிழமை அவரே ஒரு டிரான்ஸ்ஃபார்மரைத் தப்பாக இணைத்தார், நான் பார்த்துவிட்டு, சார், இந்தப் பக்கம் மாறியிருக்கு என்று மெதுவாகச் சொன்னேன், அவர் காதில் வாங்காமல் சுவிட்சைப் போட்டார், பட்டென்று வெடித்துப் புகை வந்தது. உடனே என் பக்கம் திரும்பி, எத்தனை தடவை சொல்றது உனக்கு, துடைக்கிற வேலைய மட்டும் பாரு, எதையும் தொடாத என்று கத்தினார். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். சரிங்க சார் என்றேன். துணியை எடுத்துத் துடைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நீ பக்கத்து வீட்டு ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாய். இந்த கெபாசிட்டர் போயிடுச்சான்னு பாருங்கப்பா, உங்களைக் கேட்டுட்டுத்தான் தொடணும்னு வெச்சிருக்கேன் என்றாய். புதனும் வெள்ளியும் நீ அந்த அறையில் உட்கார்ந்திருக்க, அவர் என்னைப் பார்த்துக் கத்த, நான் சரிங்க சார் என்று சொல்ல, அதை நீ பார்க்க, அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே எப்படி உட்காருவது என்று யோசித்தேன்.

சீட்டுப் பெட்டியை ஆபீஸ் வாசலிலிருந்து எடுத்து மேலே கொண்டுபோய் வைப்பதும் என் வேலைதான். அன்று ஃபியூஸ் சார் சாப்பிடப் போயிருந்தார். பெட்டியைத் திறந்து மின்னணுவியலுக்கு ஒன்று போட்டிருந்த சீட்டுகளைத் தனியாக எடுத்து எண்ணினேன். பதினைந்து. தெரியாமல் செய்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தெரிந்துதான் செய்தேன். உன் சீட்டை மட்டும் மாற்றி, மற்றவர்கள் மின்னணு அறைக்குப் போய் நீ மட்டும் வேறு பாடத்தில் உட்கார்ந்தால் நீ சும்மா விடமாட்டாய், ஆபீஸ் வரைக்கும் போய்க் கேட்பாய். சரியாகப் பதினைந்து என்பதால் உன் ஒரு சீட்டு போனால் பாடமே நின்றுவிடும், பாடமே நின்றுவிட்டால் யாரும் எதையும் தேட மாட்டார்கள். நீ இன்னும் ஒரே ஒரு பெண்ணைப் பிடித்திருந்தால் எனக்கு அந்த வழி இருந்திருக்காது, நானும் தப்பித்திருப்பேன். இழுப்பறையிலிருந்து புதுச் சீட்டு ஒன்றை எடுத்தேன், உன் பெயரை நீ எழுதுகிற மாதிரியே சாய்த்து எழுதினேன், நீ இரண்டாவதாகக் கேட்டிருந்த தாவர அறிவியலுக்கு ஒன்றும் மின்னணுவியலுக்கு இரண்டும் போட்டேன். கையெழுத்தைப் போலியாகப் போட வேண்டிய சிரமம்கூட இல்லை, அது என் கையெழுத்துத்தானே. உன் சீட்டை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொளுத்தி, சாம்பலைத் தொட்டியில் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஆய்வகத்தில் தடயமில்லாமல் சுத்தம் செய்வது எனக்குப் பழகிய வேலை.

பதினாலுதான் வந்திருக்கு, வகுப்பு கிடையாது என்று மதியம் ஃபியூஸ் சார் அறிவித்தார். ஒரே ஒரு பொண்ணுதானே சார், நாளைக்கே கூட்டிட்டு வரேன் என்று நீ அவர் பின்னாலேயே படிக்கட்டு வரைக்கும் கெஞ்சிக்கொண்டு போனாய், நான் மேல்தளத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிறகு நீ பட்டனைப் பிடித்துக்கொண்டாய். நடைபாதையில் எல்லாரும் நிற்க, போடலைன்னா போடலைன்னு சொல்லியிருக்கலாமே, நான் வேற ஆளப் பிடிச்சிருப்பேனே, எதுக்குடி பொய் சொன்ன என்று கேட்டாய். அவள் எவ்வளவோ சொல்லியும் நீ நம்பவில்லை. முந்தின நாள் அவள் அழுததைப் பார்த்தவளுக்கு வேறு யார்மேல் சந்தேகம் வரும்? இதுவரைக்கும் நடந்தது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை அவள் நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். நீ உள்ளறையில் படுத்திருந்தாய். நான்தான் கதவைத் திறந்தேன். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அப்பா, நான் போட்டேன், ஒண்ணுன்னுதான் போட்டேன், நீங்க சொன்னா கேப்பா, அவகிட்ட சொல்லுங்கப்பா என்றாள். அவள் போட்டாள் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும், அவள் சீட்டை என் கையால் எண்ணியிருக்கிறேன். சரிம்மா, சொல்றேன், இப்ப தலைவலின்னு படுத்திருக்கா என்று அனுப்பிவிட்டேன். யாருப்பா என்று நீ உள்ளேயிருந்து கேட்டாய். யாரோ விலாசம் கேட்டாங்க என்றேன். சீட்டை எரித்ததைவிட இதுதான் என்னை அதிகம் தின்கிறது. எரித்தது ஒரு நிமிஷத்துப் புத்திக்கேடு என்று வைத்துக்கொண்டாலும், கதவைச் சாத்தியதை அப்படிச் சொல்ல முடியாது.

அதன்பிறகு நீ தாவர அறிவியல் படித்தாய், நன்றாகவே படித்தாய், விதையைப் பார்த்தே இது முளைக்கும் இது முளைக்காது என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டாய். அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன், பிள்ளைக்கு நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது, இனி எதற்குக் கிளற வேண்டும் என்று. உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுத உட்கார்ந்தபோது தையல்காரர் வீட்டுக்கு ஒன்று எழுதட்டுமா என்று உன்னிடம் கேட்டேன், வேண்டாம்ப்பா என்றாய், நானும் அந்த உறையை எடுத்து அடியில் வைத்துவிட்டேன். அவளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை இந்த வீட்டில் யாரும் பேசாமல் பார்த்துக்கொண்டேன், அதில் நான் கெட்டிக்காரன்.

இந்த வருஷம் புதுத் தலைமையாசிரியை வந்ததும் நின்றுபோன பாடங்களையெல்லாம் மறுபடி தொடங்குகிறார். ஃபியூஸ் சார் ஓய்வு பெற்றுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, மின்னணுவியலுக்கு ஒப்பந்தத்தில் வெளியிலிருந்து ஒரு டீச்சர் வருகிறார் என்றார்கள். அறையைத் திறந்து தூசி தட்டி, மல்டிமீட்டர்களில் எது உயிரோடு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்று வாசலில் ஒரு சத்தம். நிமிர்ந்தால் பட்டன். அதே உயரம்தான், கண்ணாடி மட்டும் போட்டிருக்கிறாள். பள்ளியில் இந்தப் பாடத்தைப் படிக்கவில்லை என்பதால் டிப்ளமாவில் நேராகச் சேர்க்கவில்லையாம், ஒரு வருஷம் முன்வகுப்புப் படித்து, பிறகு மாலை வகுப்பில் முடித்து, காது கேட்கும் கருவி பழுது பார்க்கும் கடையில் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறாள். கூட வந்த பெண்கள் முன்னாலேயே என் கையிலிருந்த வயர்க் கட்டை வாங்கிக்கொண்டு, இவரைக் கேக்காம இந்த ரூம்ல ஒரு சுவிட்சும் போடக்கூடாது, சரியா என்றாள். கண்ணு, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இருபத்தொன்பது வருஷம் காத்துக்கொண்டிருந்தேன், அது அவள் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உன்னைப் பற்றிக் கேட்டாள். கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது எல்லாம் யார் யாரிடமோ கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறாள். இன்னும் எம்மேல கோவமாத்தான் இருக்காளா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள், சரி விடுங்க என்று அவளே பேச்சை மாற்றிவிட்டாள்.

போன வாரம் புதன்கிழமை மதியம் பெட்டியைத் திறந்தோம். நான் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தேன். நீங்களும் இருங்கப்பா, எனக்கு இத எண்ண மனசு வரல, நீங்க எண்ணுங்க, நான் பார்க்கிறேன் என்றாள். எண்ணினேன். பத்தொன்பது. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அன்னைக்கு யாரோ ஒருத்தி போடல, யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, ஆனா நான் போட்டேன்பா, சத்தியமா போட்டேன் என்றாள். முப்பது வயது ஆகப் போகிற பெண், ஒரு பாடத்துக்கு டீச்சராக உட்கார்ந்திருக்கிறவள், இன்னும் என்னிடம் சத்தியம் செய்துகொண்டிருக்கிறாள். கையில் இருந்த சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மர், பெட்டி, ஸ்பிரிட் விளக்கு, வாசல், எதையும் விடவில்லை. அவள் கத்துவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அந்தப் பத்தொன்பது சீட்டையும் எடுத்து மறுபடி ஒரு தடவை அவளே எண்ணினாள், ரப்பர் பேண்டு போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். நான் சொன்னா அவ நம்ப மாட்டா, நீங்க எழுதுங்க, நான் போட்டேன்னு மட்டும் எழுதுங்க, வேற ஒண்ணும் வேணாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலை அறைக்குள் வந்தவள் வழக்கம்போல வணக்கம் சொன்னாள். குட்மார்னிங் சார் என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை, அப்பா என்பதை மட்டும் எடுத்துவிட்டாள்.

அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, அந்தப் பொண்ணு வந்து நின்னப்ப நான் எங்க இருந்தேன் என்று மட்டும் கேட்டாள். கடைக்குப் போயிருந்தாய் என்றேன். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, தட்டை வைத்தாள், எடுத்தாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள், ஏங்க, நான் சொல்லித் தர மாட்டேன், நான் போன் போட்டும் சொல்ல மாட்டேன், உங்க கையால எழுதுங்க என்றாள். தலைமையாசிரியையிடமும் போய்ச் சொன்னேன். அவர் எழுதி வாங்கிக்கொண்டார், என்ன செய்வது என்று மேலே கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார், அதுவரை பெட்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிடும்படி கேட்டார். கொடுத்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, நியாயம்தான்.

இத்தோடு முடித்திருப்பேன். நேற்று வெள்ளிக்கிழமை, முதல் வகுப்பு முடிந்து பெண்கள் எல்லாம் போனபிறகு நான் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், பட்டன் போகாமல் நின்றாள். ஒண்ணு சொல்லணும் சார் என்றாள். பாதி பேச்சிலேயே அவளையும் மீறிப் பழையபடி அப்பா என்று வந்துவிட்டது, அவள் கவனிக்கவில்லை. அன்னைக்கு ஃபியூஸ் சார் உங்களக் கத்தினது அவளுக்குத் தெரியும்பா என்றாள். அந்தச் சனிக்கிழமை நாங்களும் ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்திருந்தோம், மேல படிச்ச பொண்ணுங்க கீழ வந்து நடிச்சுக் காட்டிச் சிரிச்சாங்க, அவ அங்கதான் நின்னுட்டிருந்தா, திங்கக்கிழமையே நோட்ட எடுத்துட்டுக் கிளம்பிட்டா என்றாள். நாம பதினஞ்சு பேர் உள்ள உட்கார்ந்திருந்தா எங்க அப்பாவ எவன் அப்படிப் பேசுவான்னு பார்க்கிறேன் என்று சொல்லித்தான் நீ ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டாயாம். உங்க அப்பாகிட்ட எப்படியாவது கையெழுத்து வாங்கிடுடி, எங்க அப்பாவுக்காக என்று சொன்னாயாம், அதனால்தான் அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து தையல்காரரிடம் வாங்கியிருக்கிறாள். சர்க்யூட் பைத்தியத்தால்தான் அலைந்தாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பார்த்துவிடக் கூடாதே என்று நான் பயந்துகொண்டிருக்க, நீ எல்லாம் தெரிந்துகொண்டே அன்று சாயங்காலம் அந்த ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்களைக் கேட்டுட்டுத்தான் தொடணும்னு வெச்சிருக்கேன் என்று சொல்லியிருக்கிறாய். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

என்னை மன்னிக்கச் சொல்லி இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், அது எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. பட்டனின் விலாசத்தையும் போன் நம்பரையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அவளுக்கு எழுது, எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் நான் எடுக்க மாட்டேன், அம்மாவிடமே பேசு. குட்டியைக் குளிரில் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே, காதை மூடிவிடு. மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டுவதானாலும் காட்டு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசில் ஒரு பாரமும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்கிறாள்.

உன்னோடு சோதனைக்கூடம் தொடங்க வந்திருக்கும் அந்த ஐந்து பேருக்கும் முடியாது என்று சொல்லிவிட்டாயே, அதை மட்டும் இன்னொரு தடவை யோசி. அன்று நீ போய்க் கேட்ட பதினாலு பேரும் சீட்டுப் போட்டார்கள் கண்ணு. ஒருத்திகூட உன்னைக் கைவிடவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா